பாதிக்கு மேலா, பாதிக்குக் கீழா

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான், பாதி என்றால் என்ன என்பது எனக்குச் சுத்தமாகப் புரியாமல் போயிற்று. அதுவரை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்பதை ஒரு ஐப்பசி மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று அது. ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியிருக்கும் பெரிய வீதிகளைத் தாண்டி, கொள்ளிடக்கரைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. அக்காவை முசிறியில் கட்டிக் கொடுத்திருந்தோம். நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். வயது இருபத்திரண்டுதான், கோபம் மட்டும் நாற்பது வயதுக்காரனுக்கு வர வேண்டியது எனக்கு முன்கூட்டியே வந்துவிட்டது.

வீட்டைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குக் குழம்பியது உங்களுக்கும் குழம்பும். முன்கட்டுக்கு நாட்டு ஓடு. பின்கட்டில் சமையலறையும் அதை ஒட்டி ஒரு அறையும் உண்டு. அந்த இரண்டுக்கும் தென்னங்கீற்று. பின்கட்டுச் சுவர் வெறும் மண்சுவர், ஓட்டின் கனம் தாங்காது. ஆக, ஒரே வீட்டுக்கு இரண்டு கூரை. பிறந்ததிலிருந்து அதன் கீழேதான் இருந்தேன். எது பெரியது, எது சின்னது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யார் யோசிப்பார்கள்?

நாகப்பட்டினம் பக்கம் கரையேறும் புயல் எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குள் களைத்துப்போய்விடும். நாலு முருங்கைக் கிளையை ஒடித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். அந்த வருஷத்துப் புயல் களைக்கவில்லை. இரண்டு நாள் விடாமல் மழை பெய்து, மூன்றாம் நாள் காலையில் காற்று வந்தது. அம்மாவும் நானும் முன்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பின்பக்கம் யாரோ கோரைப்பாயைக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. மத்தியானம் காற்று விட்டதும் போய்ப் பார்த்தால், சமையலறையிலிருந்து அண்ணாந்தால் வானம் தெரிந்தது. கீற்று முழுவதும் பறந்துபோய்ப் பக்கத்து வாழைக்கொல்லையில் கிடந்தது. மூங்கில் சட்டங்கள் மட்டும் நின்றன. முன்கட்டு ஓட்டில் நாலைந்து வரிசை நகர்ந்திருந்தது, உடைந்தது கொஞ்சம்தான்.

நியாயமாகப் பார்த்தால் நாங்கள் தப்பித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லும் வழக்கமே கிடையாது.

அம்மா நல்லதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். குதிர் நிறைய நெல் இருந்தாலும் யாராவது கேட்டால் "ஏதோ இருக்கு" என்பாள். புதுப் புடவை கட்டியிருந்தால் "பழசுதான், பெட்டியில கிடந்துச்சு" என்பாள். நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, "பையனுக்கு ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டவர்களிடம், "எங்க, அலைஞ்சுக்கிட்டு இருக்கான்" என்று மூன்று மாதம் சொல்லிவந்தாள். நான் சட்டை போட்டுக்கொண்டு தினமும் அவர்கள் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எல்லாம் கண் பட்டுவிடும் என்ற பயம். சந்தில் எல்லாப் பெண்களும் ஏறக்குறைய அப்படித்தான். அம்மா கொஞ்சம் கூடுதல்.

புயல் ஓய்ந்த நாலாம் நாள் முனிசிபல் ஆபீஸிலிருந்து ஓவர்சியர் வந்தார். சைக்கிள், குடை, கையில் ஒரு நீள நோட்டு. எந்தெந்த வீட்டுக்கு எவ்வளவு சேதம் என்று எழுதிக்கொண்டு போனார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர் சந்தில் நின்றபடியே அம்மாவைக் கேட்டிருக்கிறார், கூரை எவ்வளவு போச்சு என்று. அம்மா, "எல்லாம் போச்சுங்க, ஒண்ணும் மிச்சமில்லைங்க" என்றிருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாள் துக்கம் விசாரிக்க வந்து நின்றிருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவள் குறைத்துச் சொன்னால் மரியாதையாக இருக்குமா? அவளும் "முழுசும் போச்சுங்க, பாவம்" என்றிருக்கிறாள். அன்றைக்கு அவர் பார்க்க வேண்டிய வீடுகள் இன்னும் எத்தனையோ. நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா இதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். என் கவலை முழுவதும் அக்காவைப் பற்றி இருந்தது.

அக்காவுக்கு அது இரண்டாவது கர்ப்பம். முதல் தடவை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்துவர நாள் பார்த்து, அது தள்ளிப் போய், இன்னொரு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டாம் மாதத்தில் வலி கண்டுவிட்டது. முசிறி வீட்டின் உள்ளறையில் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு அக்கா அந்த அறைக்குள் ஒரு சாமான் எடுக்கக்கூடப் போவதில்லை என்று அக்கா வீட்டுக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை, முதலில் போடாமலே போன வளைகாப்பைக் கார்த்திகையில் போட்டுக் கையோடு அழைத்துவருவதாகப் பேச்சு. மார்கழி பிறந்துவிட்டால் அனுப்ப மாட்டார்கள். தையில் பிரசவம். அக்கா நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் வந்து படுக்க வேண்டிய அறைதான் இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீற்றுக்குச் சொல்லிவிட்டேன். புயலுக்குப் பிறகு கீற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. எப்படியோ மண்ணச்சநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்து இறங்கியது. கூரை வேய்கிறவரும் வந்தார். சட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு ஓரத்திலிருந்து இரண்டு வரிசை கட்டிக்கூட முடித்துவிட்டார். அப்போது ஆபீஸ் பியூன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தக் காகிதத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. தமிழில்தான் இருந்தது, ஆனால் ஒரு வாக்கியத்தின் தலையைப் பிடித்துக்கொண்டு வாலைத் தேடினால் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிழிந்து எடுத்தால் சாரம் இவ்வளவு. புயலில் ஒரு வீட்டின் கூரை பாதிக்கு உட்பட்டுப் போயிருந்தால் அது ரிப்பேர். பழையபடி போட்டுக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். பாதிக்கு மேல் போயிருந்தால் அது புதுக் கட்டடம். அனுமதி வாங்க வேண்டும், பிளான் போட்டு மூன்று நகல் கொடுக்க வேண்டும், சந்தின் விளிம்பிலிருந்து இடம் விட வேண்டும், சுவரை உயர்த்த வேண்டும். முக்கியமாக, கீற்றுப் போடக் கூடாது, தீப் பிடிக்கும். எங்கள் வீடு முழுவதும் போனது என்று வீட்டுக்காரரே சொல்லியிருப்பதால், எங்கள் வீடு புதுக் கட்டடம்.

கூரை வேய்கிறவர் மேலிருந்தபடியே, "என்னங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, ஆபீஸ் காகிதம் என்று தெரிந்ததும் மெதுவாக இறங்கிவிட்டார். இந்த ஊரிலேயே நாளைக்கும் கூரை வேய வேண்டியவர் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு முதலில் வந்தது கோபம். புயலில் பறந்துபோன வீட்டைப் பற்றித் தீயைச் சொல்லி ஒரு சட்டம்! காற்றுக்கு எது நல்லது என்று அதில் ஒரு வரி கிடையாது. அதற்கடுத்து வந்தது தைரியம். பாதிக்கு மேலா, கீழா என்பதுதானே கேள்வி? அது கணக்கு. கணக்கு என் தொழில். பள்ளிக்கூடத்து அளவுக்கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து வீட்டைத் தரையில் அளந்தேன். கீற்றுப் பகுதி பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. சந்தோஷமாகப் படுக்கப் போனவன், கூரையைத் தரையில் அளப்பது சரியா என்று யோசிக்க ஆரம்பித்தேன். மறுநாள் ஏணி வைத்து ஏறிச் சட்டத்தின் சரிவிலேயே அளந்தேன். கீற்றுக் கூரை செங்குத்தாக இறங்கி, இறவாரமும் நீளமாகத் தொங்குவது வழக்கம். அப்படி அளந்தால் பாதிக்கு மேலே போய்விட்டது. இன்னொரு சந்தேகமும் வந்தது. முன்கட்டில் நகர்ந்த ஓடுகள் போனவையா, இருப்பவையா? கையால் எடுத்துத் திரும்ப வைத்துவிடலாம். ஆனால் ஓவர்சியர் வந்த அன்றைக்கு அவை இருந்த இடத்தில் இல்லையே. வகுப்பில் ஒரு பையன் இப்படிக் கேட்டிருந்தால் பெஞ்சின் மேல் ஏற்றியிருப்பேன்.

ஆபீஸுக்குப் போனேன். தலைமை ஆசிரியரிடம் அரை நாள் லீவு வாங்குவதற்குள் பாதி உயிர் போயிற்று. அதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. முதல் நாள் பார்த்த குமாஸ்தா தரையளவுதான் கணக்கு என்றார். மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டாம் நாள் பார்த்தவர், கூரை என்றால் கூரையைத்தான் அளக்க வேண்டும், தரையை அளந்தால் அது தரை என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வராந்தாவில் ஒரு தூணுக்குப் பக்கத்தில், நோட்டீஸ் போர்டுக்கு எதிரே ஒரு பெஞ்சு. அதில் மணிக்கணக்காக உட்கார்ந்து நான் அளந்து வைத்திருந்த எண்களையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவை போனபோது ஓவர்சியரே இருந்தார். தன்மையானவர். நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

"அளவெல்லாம் அப்புறம் சார். வீட்டுக்கார அம்மாவே முழுசும் போச்சுன்னு சொல்லியிருக்காங்க. நீங்க பாதிகூடப் போகலைங்கிறீங்க. நான் யார் சொன்னதை வெச்சுக்கிறது? அவங்களே வந்து, பாதிக்கு மேல நிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். தரையளவா வெச்சு நான் ரிப்பேர்னு எழுதிடறேன்" என்றார்.

ஒரு வார்த்தை. இவ்வளவுதானா என்று வீட்டுக்கு ஓடி வந்தேன்.

அம்மா மாட்டேன் என்றாள்.

நான் விளக்கினேன். அம்மா வர முடியாதென்றாள். வராவிட்டால் போகிறது, நானே எழுதிக்கொண்டு வருகிறேன், கைரேகை மட்டும் வை என்றேன். ரேகை வைத்தால் சொன்ன மாதிரிதானே என்றாள். புயல் அடித்து ஊரே கூரையில்லாமல் கிடக்கும்போது, எனக்குப் பாதி இருக்கிறது, நான் நன்றாக இருக்கிறேன் என்று நாலு பேர் நடுவில் போய்ச் சொல்வார்களா, அதுவும் பெண் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருக்கும்போது என்றாள். நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. மூடநம்பிக்கை என்ற சொல்லை அப்போதுதான் புதிதாகக் கற்றிருந்தேன். அதைப் பலமுறை உபயோகித்தேன்.

இதற்கிடையில் முசிறிக்கு ஒரு நடை போய்வந்தேன். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த காலம். டோல்கேட்டில் ஏறினால், பாதி வழியில் இறங்கி நின்று, கண்டக்டர் பஸ்ஸின் பின்னால் இருக்கும் கரியடுப்பைக் கிளறிவிட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். நான் போய்ச் சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. எதிர்வீட்டு அம்மாளின் உறவுக்காரர் யாரோ சந்தைக்கு வந்த இடத்தில், ஸ்ரீரங்கத்தில் சம்பந்தி வீடே இல்லை, தரைமட்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்காவின் மாமனார் நல்ல மனுஷர். அவருடைய வாழைத்தோட்டமும் சாய்ந்துதான் கிடந்தது. அந்தக் கவலையை ஒதுக்கி வைத்துவிட்டு என்னை உட்கார வைத்து விசாரித்தார். நான் தரையளவு, சரிவளவு எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி. அவ படுக்கிற இடத்துக்கு மேல கூரை இருக்கா இல்லையா?" என்றார். இல்லை என்றேன். கார்த்திகைக்குள் போட்டுவிட்டால் தாராளமாக அழைத்துப் போங்கள், வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணை எப்படிக் கூரையில்லாத வீட்டுக்கு அனுப்புவது என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. நான் கிளம்பும்போது ஒரு பை நிறைய வாழைக்காய் கொடுத்தாள்.

திரும்பி வந்து மறுபடி அம்மாவிடம் மல்லுக்கு நின்றேன். அன்றைக்குத்தான் அம்மா எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"போன தடவை உண்டாயிருந்தப்போ அவளைப் பாக்க முசிறி போயிருந்தேன்ல. அவ அப்படி இருந்தா, பாக்கவே கண்ணு நெறைஞ்சு போச்சு. திரும்பி வரப்போ பஸ்ஸுக்கு நிக்கிற இடத்துல ஒரு பொம்பளை கேட்டா, பொண்ணு எப்படி இருக்குன்னு. வாய் தவறிடுச்சுடா. நல்லா இருக்கா, நல்ல கனமா இருக்கா, இந்த மாதிரி வயித்தை நான் பாத்ததே இல்லைன்னு சொல்லிட்டேன். என் ஆயுசுல அந்த ஒரு தடவைதான் சொன்னேன். எட்டாம் நாள் வலி வந்துடுச்சு."

மூடநம்பிக்கை என்ற சொல் தொண்டையில் நின்றது. அது நின்ற இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆபீஸில் ஒரு விதி, அம்மாவிடம் ஒரு விதி. அந்த விதிப்படி அம்மா வாயைத் திறந்தால்தான் அக்கா வர முடியும். இந்த விதிப்படி அம்மா வாயைத் திறந்தால் அக்காவுக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே ஸ்லேட்டில் எழுதி எப்படிக் கழிப்பது? படித்தவன் என்று பெயர் எடுத்தவன், சமையலறையில் நின்றுகொண்டு அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூறல் போட்டது. அம்மா அரிசிப் பானைக்கு மேல் முறத்தை வைத்து மூடினாள்.

கார்த்திகை பிறந்தது. பத்து நாள் போயிற்று. கீற்றுக்கட்டு கொல்லையில் கிடந்து நனைந்து கறுக்க ஆரம்பித்தது. அப்போது அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அக்கா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசலில் நின்று நான் முதலில் மனதுக்குள் படித்துவிட்டேன். படித்துக் காட்டலாமா, வேண்டாமா என்று புரியவில்லை. காட்டினால் அம்மாவை வலுக்கட்டாயமாகத் தள்ளுவது போல. காட்டாவிட்டால் அக்காவின் வாயைப் பொத்துவது போல. கடைசியில் படித்தேன். நலம் விசாரிப்பெல்லாம் போக அதில் இருந்தது இவ்வளவுதான். "அம்மா, கூரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்னை அழைத்துக்கொண்டு போ. அந்த அறையில் என்னைப் படுக்க வைக்க விடாதே."

அம்மா கையை நீட்டினாள். கார்டை வாங்கி, படிக்கத் தெரியாதவள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, "எந்த ஆபீஸுடா அது? வா, போலாம்" என்றாள்.

ஆபீஸ் வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பிவிடுவாளோ என்று எனக்கு ஒரு பயம், திரும்பிவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் ஒரு நினைப்பு. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தன. உள்ளே ஓவர்சியர் மேஜைக்கு முன்னால் ஏற்கெனவே ஐந்தாறு பேர் தங்கள் தங்கள் சேதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓவர்சியர் எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா" என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புங்க. பாதிக்கு மேல நிக்குது. ஓடெல்லாம் அப்படியே இருக்குங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆகலை. நாங்க நல்லா இருக்கோம். என் பொண்ணும் நல்லா இருக்கா."

கடைசி இரண்டு வாக்கியத்தை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லச் சொல்லவில்லை. அங்கே நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சேதத்துக்கு நடுவில் நன்றாக இருக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? அம்மாவின் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்ததும், யாரையும் பார்க்காமல் வெளியே போய்ப் படியிறங்கி, தெருவில் வெயிலில் நின்றுகொண்டாள்.

ஓவர்சியர் என்னோடு வராந்தாவரை வந்தார். குரலைத் தாழ்த்தி, "அம்மாவை ஏன் சார் இவ்வளவு தூரம் இழுத்துக்கிட்டு வந்தீங்க? புயல் அடிச்ச தெருவுக்கெல்லாம் பழையபடி கீற்றே போட்டுக்கலாம், எவ்வளவு போயிருந்தாலும் சரி, அடுத்த வருஷம் மாத்திக்கலாம்னு ஆர்டர் வந்துடுச்சே. போர்டுல ஒட்டி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. நீங்க பாக்கலையா?" என்றார்.

போர்டைப் பார்த்தேன். இருந்தது. தமிழில், கொட்டை எழுத்தில், யாருக்கும் புரிகிற மாதிரி நாலே வரி. மூன்றாம் தடவை வந்த நாளில் அதற்கு எதிரேதான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அளவுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே ஒட்டியிருந்தார்களா, மறுநாள் ஒட்டினார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குப் பிறகாவது ஒரு நடை வந்து பார்த்திருக்கலாம். அம்மாவோடு மல்லுக்கு நிற்பதிலேயே பத்து நாள் போய்விட்டது. அம்மா சொல்லியிருக்கவே வேண்டாம். அந்த வார்த்தைகள் ஒன்றுக்கும் ஆகாமல் போயின. ஒன்றுக்குமா? அதையும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

தெருவில் இறங்கினேன். "எழுதிக்கிட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள். எழுதிக்கொண்டார்கள் என்றேன்.

நாலு நாளில் கூரை முடிந்தது. கறுத்த கீற்றை அடியில் வைத்து, நல்லதை மேலே வைத்து, காற்றுக்குத் தாங்கும்படி குறுக்கே இரண்டு மூங்கிலும் போட்டுக் கட்டினார் கூரை வேய்கிறவர். கார்த்திகை முடிய மூன்று நாள் இருக்கும்போது வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலோடு அக்கா வந்து இறங்கினாள். பின்கட்டு அறைக்குள் போய்ப் படுத்து, மேலே பார்த்து, "கீற்று வாசனை" என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. கொல்லைக்குப் போய்விட்டேன்.

ஆனால் அம்மா அந்த இரண்டு மாதமும் சிரிக்கவில்லை. எட்டாம் மாதம் தாண்டும்வரை சரியாகச் சாப்பிடவும் இல்லை. அக்கா இருமினால் ஓடினாள். தினம் சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். யாராவது வந்து, பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டால், பதிலே சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். "ஏதோ இருக்கா" என்றுகூடச் சொல்லவில்லை. இனி எந்த வார்த்தை காக்கும், எந்த வார்த்தை கெடுக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை போலும்.

நான் போர்டைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நூறு தடவை நினைத்தேன். சொன்னால் என் மனசில் இருக்கும் பாரம் இறங்கும். ஆனால் அம்மாவுக்கு? வேறு வழியில்லாமல் சொன்னோம் என்ற ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். வீணுக்குச் சொன்னாய் என்றால் அதுவும் போய்விடும். பெண்ணைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தைக்குக் கண் படாது, வீணாகச் சொன்னதற்குப் படும் என்று ஏதாவது இருக்குமோ? இதை நம்பாதவன் நான். நம்பாதவன் ஏன் இரண்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன் என்று கேட்டால், எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் விடிந்ததும் வலி வந்தது. மருத்துவச்சி வந்து உள்ளே போனாள். நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கிணற்றடியில் நின்றேன். வெயில் ஏறி, கிணற்றுச் சுவரின் நிழல் என் காலைத் தாண்டிப் போன பிறகு, உள்ளேயிருந்து குழந்தை அழுதது. நிறுத்தாமல், பலமாக, கோபக்காரக் குழந்தை மாதிரி அழுதது. கொஞ்ச நேரத்தில் அம்மா வெளியே வந்தாள். பெண் குழந்தை என்றாள். அக்கா கண் திறந்து பார்த்துவிட்டாள் என்றாள். கிணற்றடியில் உட்கார்ந்து கையைக் கழுவினாள். கழுவிய கையையே மறுபடியும் கழுவினாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"அன்னிக்கு ஆபீஸுல நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, கூரை போட விட்டிருக்க மாட்டாங்க, இல்ல?"

நான் வாளியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். கயிற்றை விடாமல், "விட்டிருக்கவே மாட்டாங்கம்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழுந்து, என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குழந்தை ரொம்ப நல்லா இருக்குடா" என்றாள். சொல்லிவிட்டு வெந்நீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.